வாங்கி மூன்று வாரத்தில் வீங்கிய டயர்: கழற்றுவதற்கு முன் இதைப் படியுங்கள்

பள்ளத்தூர் தம்பி ஒருவரின் கேள்வி இது. காரைக்குடியில் புது பைக் எடுத்து மூன்று வாரம் ஆகிறது, ஓடியது 640 கிலோமீட்டர். பின் டயரில் பட்டன் (ரோட்டில் படுகிற, வெட்டு போட்ட மேல் ரப்பர்) முடிகிற ஓரத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வீக்கம். நாற்பதைத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் தட்டுத் தட்டென்று இடிக்கிறது. முன் சக்கரமும் லேசாக ஆடுகிற மாதிரி இருக்கிறதாம். ஷோரூமில் கேட்டால், "பள்ளத்துல விட்டிருப்பீங்க. டயருக்கு எங்க வாரண்டி கிடையாது, டயர் கம்பெனியில கேளுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஊரில் பஞ்சர் கடை அண்ணன், "கழற்றி உள்ளே பார்த்துடலாமே" என்கிறார். கழற்றலாமா, யாரிடம் போவது, டயர் பழைய ஸ்டாக்காக இருக்குமோ என்று மூன்று கேள்வி.

தம்பி, முதல் கேள்விக்குப் பதில்: கழற்றாதீர்கள். இருபது வருடத்துக்கு மேல் டயர் கடை நடத்தியவன் நான். டயர் பார்க்கக் கம்பெனியிலிருந்து வருகிற ஆட்களோடு எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன். நியாயமான டயர் கேஸ்கள் பாதிக்கு மேல் கெட்டுப்போனது வாடிக்கையாளர் நல்லெண்ணத்தோடு செய்த காரியத்தால்தான். நெம்புகோல் போட்டு டயரைக் கழற்றினால் ரிம்மில் உட்காரும் விளிம்பில் கீறல் விழும். வந்து பார்ப்பவர் அந்தக் கீறலைக் காட்டி, "இது கடையில் கெடுத்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். பஞ்சர் நூல் செருகினாலும், பஞ்சர் ஆகாமல் இருக்கத் திரவம் ஊற்றினாலும் இதே கதிதான். நம் பக்கம் வேலிக்கருவை முள்ளுக்குப் பயந்து புது வண்டிக்கே அந்தத் திரவத்தை ஊற்றிவிடுவார்கள். உள்சுவர் முழுக்கப் பசை அப்பிக் கிடந்தால் நூல் அறுந்ததா, ரப்பர் பிரிந்ததா என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் ஊற்றவில்லை என்று நம்புகிறேன்.

அந்த வண்டியை ஓட்டவும் கூடாது. டயருக்குப் பலம் ரப்பரில் இல்லை, உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் படிந்திருக்கிற நைலான் நூல் அடுக்கில் இருக்கிறது. வீக்கம் வந்துவிட்டது என்றால் அங்கே ஒன்று நூல் அறுந்திருக்கிறது, இல்லையென்றால் அடுக்கு பிரிந்து நடுவில் காற்று புகுந்திருக்கிறது. எண்ணெயில் போட்ட வெள்ளைப் பணியாரம் மாதிரி சூடு ஏற ஏற உப்பும். சித்திரை வெயிலில் திருமயம் ரோட்டில் எழுபதில் போகும்போது அது வெடித்தால், பின் சக்கரம் என்பதால் வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். காரைக்குடிக்குக் கொண்டுபோக வேண்டுமானால் சின்ன யானை என்கிற குட்டி லாரி ஒன்றைப் பிடித்து ஏற்றிப் போங்கள். இன்சூரன்ஸ் போடும்போது ரோட்டோர உதவியும் சேர்த்து எடுத்திருந்தால் அவர்களே வந்து தூக்குவார்கள். பாலிசித் தாளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வாடகைக்கு ரசீது வாங்கி வையுங்கள், பின்னால் கேட்கலாம்.

இப்போது, ஷோரூம்காரர் சொல்வது சரியா என்று நீங்களே ஓரளவு பார்க்கலாம். அவர் பொய்தான் சொல்லுவார் என்று முடிவு கட்ட வேண்டாம். பள்ளத்தில் விட்டும் இப்படி ஆகும். பார்க்க வேண்டியது அடையாளங்களை.

பள்ளத்திலோ கல்லிலோ அடிபட்ட டயரில் வீக்கம் பெரும்பாலும் பக்கச் சுவரில், ரிம்முக்கும் பட்டனுக்கும் நடுவில் வரும். அடி விழும்போது டயர் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி, உள்நூல் அறுகிறது. அதனால் நேர் எதிரே ரிம் விளிம்பில் நெளிவோ பெயின்ட் உதிர்ந்த இடமோ இருக்கும். டயர் தோலில் தேய்ந்த கறை இருக்கும். சில நேரம் இரண்டு பக்கச் சுவரிலும் ஒரே இடத்தில் காயம் தெரியும். உங்கள் வண்டியில் வீக்கம் பட்டன் ஓரத்தில் இருக்கிறது என்கிறீர்கள். ரிம் சுத்தமாக இருந்து, டயர் தோலில் கீறல் ஒன்றும் இல்லாமல், விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போனால், அடுக்கு பிரிந்த டயர் என்றுதான் நான் சந்தேகப்படுவேன். அது செய்யும்போதே வந்த குறை. உறுதியாகச் சொல்ல உள்ளே பார்க்க வேண்டும், அதை அவர்கள் முன்னிலையில் பார்க்கட்டும்.

ஒன்று மட்டும் நேர்மையாக யோசித்துப் பாருங்கள். பின்னால் ஆள் உட்கார, நடுவில் புதுவயலில் வாங்கிய அரிசி மூட்டை என்று, காற்றும் குறைவாக வைத்து ஓட்டினீர்களா? டயரின் பக்கச் சுவரில் 100/90-17 55 பி (P) என்ற மாதிரி எழுதியிருக்கும். அதில் 55 என்பது அந்த ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறி, 218 கிலோ. பி என்பது வேகக் குறி, மணிக்கு 150 கிலோமீட்டர் வரை. ஆனால் அந்தக் கணக்கெல்லாம் காற்று சரியாக இருந்தால்தான் நிற்கும். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடாகும், பக்கச் சுவரில் உள்பக்கம் வட்டமாகக் கருகிய சுருக்கம் விழும். பார்க்க வருகிறவர் முதலில் தேடுவதே அதைத்தான்.

அடுத்து முன் சக்கரத்தின் ஆட்டம். இதை டயர் குறை என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எனக்கே நடந்தது இது. என் வண்டி புதிதாக வந்தபோது ஐம்பதில் ஹேண்டில் உதறியது. ஆத்திரத்தில் டயரைத்தான் திட்டினேன். டயர் கடைக்காரன் நானே இரண்டு நாள் கழித்துத்தான் குனிந்து பார்த்தேன். ரிம்மை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு வட்டமாக ஓடும். ரிம்மிலிருந்து அந்தக் கோடு சுற்றிலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். என் வண்டியில் ஓர் இடத்தில் மட்டும் கோடு உள்ளே புதைந்திருந்தது. டயர் ரிம்மில் முழுதாக உட்காரவில்லை, அவ்வளவுதான். காற்றை இறக்கி, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி காற்றடித்ததும் டப்பென்று உட்கார்ந்தது. பத்து நிமிட வேலை. உங்கள் முன் டயரிலும் முதலில் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு புதைந்திருந்தால் அந்த வேலையை ஷோரூமிலேயே செய்யச் சொல்லுங்கள்.

கோடு சரியாக இருந்தால் சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவர் பின்னால் உட்கார, முன் சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க் குழாயில் ஒரு பென்சிலை நூலால் கட்டி, முனை ரிம்மைத் தொடுகிற மாதிரி வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். ரிம் விலகி விலகி வந்தால் கோட்டம் ரிம்மில். பொதுவாக 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை பொறுத்துக்கொள்வார்கள், அதற்கு மேல் போனால் கம்பிச் சக்கரம் என்றால் கோட்டம் எடுக்கலாம், அலாய் என்றால் சக்கரத்தையே மாற்ற வேண்டும். ரிம் நேராக ஓடி, டயர் மட்டும் ஏறி இறங்கினால் டயர் குறை. இரண்டும் நேராக இருந்தும் ஹேண்டில் ஆடினால் கோன் செட் (ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங்) தளர்ந்திருக்கும் அல்லது சக்கர பேரிங். இந்தக் கடைசி இரண்டும், அலாய் சக்கரமும் வண்டிக் கம்பெனியின் பொறுப்பு. அதனால்தான் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். யார் பொறுப்பு என்று தெரியாமல் மொத்தமாகப் புகார் சொன்னால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

காற்றையும் பாருங்கள், காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது. அளவு செயின் மூடியிலோ, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கிற கையிலோ (ஸ்விங் ஆர்ம்) ஸ்டிக்கரில் இருக்கும், பல சாதா பைக்குகளுக்கு முன்னால் 25 பி.எஸ்.ஐ. அளவில் வரும். லாரியில் ஏற்றி வரும்போது ஆடாமல் இருக்கட்டும் என்று திணிக்கத் திணிக்கக் காற்றடித்து அனுப்பியதை அப்படியே டெலிவரி கொடுத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். முன் டயர் கல் மாதிரி இருந்தால் வண்டி குதிக்கத்தான் செய்யும். டயர் முழுக்க நிற்கிற ரப்பர் முடிகளையும், மஞ்சள் புள்ளியையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். முடி அச்சிலிருந்து வருவது. மஞ்சள் புள்ளி டயரின் எடை குறைந்த இடம், அதை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுவார்கள்.

சரி, பழைய ஸ்டாக் கேள்வி. பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். ஒரு பக்கம் இல்லையென்றால் மறுபக்கம் பாருங்கள். 1825 என்றால் 2025ஆம் ஆண்டின் 18ஆவது வாரம், ஏப்ரல் கடைசி. ஆர்.சி.யில் வண்டி தயாரான மாதம் இருக்கும், இரண்டையும் ஒப்பிடுங்கள். சில மாத இடைவெளி சகஜம். முன்னும் பின்னும் வேறு வேறு வாரம் இருப்பதும் சகஜம். வண்டி தயாரான தேதிக்குப் பிந்திய டயர் இருந்தால் மட்டும், யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று துணிந்து கேட்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதோடு 15627 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இரு சக்கர வாகன டயருக்கான இந்தியத் தர எண் அது. 2009 உத்தரவுக்குப் பிறகு அந்த முத்திரை இல்லாத டயரை இங்கே விற்கக் கூடாது.

ஆனால் தேதியை மட்டும் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். நிழலில் அடுக்கி வைத்த டயர் ஒரு வருடம் பழையதாக இருந்தாலும் அது குறை ஆகாது. "எட்டு மாசம் பழைய டயரைக் கட்டிட்டான்" என்று கத்தியே நேரத்தைக் கழித்தவர்கள் கையில் கடைசியில் ஒன்றும் மிஞ்சியதில்லை. வண்டி யார்டில் மாதக்கணக்கில் வெயிலில் காற்றில்லாமல் நின்றிருந்தால் வேறு கதை. அதற்கு அடையாளமாகப் பக்கச் சுவரில் தலைமுடி கனத்தில் வெடிப்பும், பட்டனில் ஒரு தட்டையான இடமும் தெரியும். புது வண்டியைக் கொப்புடையம்மன் கோயிலுக்கோ பிள்ளையார்பட்டிக்கோ கொண்டுபோய்ச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிகிறோம் இல்லையா, அந்தக் குனிவிலேயே நான்கு எண்ணையும் படித்துவிடலாம். இன்னும் நல்லது, பணம் கட்டுவதற்கு முன் படிப்பது.

பிறகு, "டயருக்கு எங்க வாரண்டி கிடையாது" என்ற பேச்சு. அது பாதி உண்மை. வண்டியோடு வந்த புத்தகத்தைத் திறந்தால் டயர், டியூப், பேட்டரி எல்லாம் அந்தந்தக் கம்பெனியின் வாரண்டியில் வரும் என்று எழுதியிருப்பார்கள். டயர் கம்பெனி விலாசமும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஆனால் உங்களுக்கு டயரைத் தனியாக யாரும் விற்கவில்லை. டயரோடு சேர்த்து ஒரு வண்டியை ஷோரூம்காரர் தன் பெயரில் பில் போட்டு விற்றிருக்கிறார். நுகர்வோர் சட்டத்தின் முன் விற்றவர் அவர்தான், செய்தவர்கள் வண்டிக் கம்பெனியும் டயர் கம்பெனியும். புகாரை வாங்கி டயர் கம்பெனிக்கு அனுப்ப மாட்டேன் என்று அவர் சொல்ல முடியாது. நடைமுறையில் நல்ல ஷோரூம்கள் அதைச் செய்துவிடுகின்றன. அவர்களுக்கும் டயர் கம்பெனி ஆளின் போன் நம்பர் தெரியும், ஒரு போனில் வேலை நடக்கும். அதனால் முதல் நாளே குரலை உயர்த்தாமல் சர்வீஸ் மேனேஜரைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். கவுன்டரில் இருக்கிற பிள்ளைகளைக் கோபிப்பதில் பயனில்லை.

பேசுவது எப்படியோ, எழுத்து கட்டாயம். ஜாப் கார்டில், அதாவது வண்டியை சர்வீஸுக்கு விடும்போது ஷோரூமில் எழுதுகிற தாளில், உங்கள் புகாரை உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். அவர்கள் "பொது செக்கப்" என்று எழுதப் பார்ப்பார்கள், விடாதீர்கள். "பின் டயரில் வலப்பக்கப் பட்டன் ஓரத்தில் வீக்கம், 640 கி.மீ., ரிம்மில் அடி இல்லை, வாடிக்கையாளர் டயரைக் கழற்றவில்லை, பஞ்சர் போடவில்லை" என்று இருந்தால் போதும். அதற்கு முன் வீட்டிலேயே படம் எடுத்துவிடுங்கள்: வீக்கம், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து. அதே இடத்தில் ரிம் விளிம்பு, இரு பக்கமும். டயரின் நான்கு எண்ணும் வரிசை எண்ணும். மீட்டரில் ஓடிய தூரம். சக்கரம் சுற்றும்போது ஒரு வீடியோ. செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நல்ல வெளிச்சம் வரும், அங்கேயே நிறுத்தி எடுக்கலாம். வீக்கத்தைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். காற்று இறங்கினால் வீக்கமும் அமுங்கிவிடும், அப்புறம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். இதையெல்லாம் ஷோரூமுக்கும் வண்டிக் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் டயர் கம்பெனிக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒருவருக்கு ஒருவர் தெரியும்படி அனுப்புவதுதான் அதில் முக்கியம்.

பார்க்க வருகிற நாளில் நீங்களும் கூட இருக்க வேண்டும். சோம்பல் பார்க்காதீர்கள். டயரைக் கழற்றியதும் உள்பக்கத்தை உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். நூல் ஒரே கோட்டில் வெட்டுப்பட்ட மாதிரியோ நட்சத்திரம் மாதிரியோ அறுந்திருந்தால் அது அடி, ஒப்புக்கொள்ளுங்கள். நூல் முழுதாக இருந்து மேல் ரப்பர் மட்டும் பிரிந்து நின்றால் அது செய்முறைக் குறை. எந்த முடிவு சொன்னாலும் காரணத்தோடு எழுத்தில் வாங்குங்கள். "ரிஜெக்டட்" என்று ஒற்றைச் சொல்லை வாட்ஸப்பில் அனுப்பினால் ஏற்காதீர்கள். நிராகரித்தால் டயரை அங்கே விட்டுவிட்டும் வராதீர்கள். அது உங்கள் பொருள், நாளைக்குச் சாட்சியும் அதுதான். சாக்கில் சுற்றி வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

ஏற்றுக்கொண்டால் கணக்கு இப்படி வரும். டயர் கம்பெனிகள் பொதுவாகத் தேய்ந்த அளவுக்குப் பணம் கழித்துக்கொண்டு மீதிக்குப் புது டயர் தரும். உதாரணத்துக்கு, புதிதில் பட்டன் ஆழம் 7 மில்லிமீட்டர், தேய்மான அடையாளம் வரை தேயக்கூடியது 6 என்று வைத்துக்கொள்வோம். 0.6 தேய்ந்திருந்தால் பத்தில் ஒரு பங்கு விலையை நீங்கள் கட்ட வேண்டும். 640 கிலோமீட்டரில் அவ்வளவுகூடத் தேய்ந்திருக்காது. அந்தச் சில்லறையைத் தகராறு இல்லாமல் கட்டிவிடலாம் என்பது என் எண்ணம். ஆழத்தை உங்கள் கண் முன்னால் அளக்கச் சொன்னால் போதும்.

இரண்டு மூன்று வாரம் இழுத்தடித்தால் 1915க்கு போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், கம்பெனிக்குப் புகாரைத் தள்ளிவிடுவார்கள். பெரிய கம்பெனிகள் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று கொஞ்சம் அசையும். அதிலும் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் பள்ளத்தூர் என்பதால் சிவகங்கை. பொன்னமராவதி, திருமயம் பக்கத்து ஆள் காரைக்குடியில் வண்டி எடுத்திருந்தால் புதுக்கோட்டையிலேயே போடலாம். 2020 ஜூலை 20 முதல் நடப்புக்கு வந்த 2019ஆம் ஆண்டு சட்டத்தில், குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடும் வசதி இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், இணையத்திலும் மனு போடலாம். ஷோரூம், வண்டிக் கம்பெனி, டயர் கம்பெனி மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டாலும் மற்றவர் அவரைக் கைகாட்டுவார்.

டயர் குறையா இல்லையா என்பது கண்ணால் பார்த்து முடியாத விஷயம் என்றால் ஆணையம் அதைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும், 45 நாளில் அறிக்கை வர வேண்டும் என்பது சட்டம். சோதனைக் கட்டணத்தை உங்களைக் கட்டச் சொல்வார்கள். சோதனை இருந்தால் ஐந்து மாதத்தில் வழக்கை முடிக்கப் பார்க்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், அதற்கு மேலும் இழுக்கும். ஒரு டயரின் விலைக்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் ஆச்சி கேட்பார்கள், நியாயமான கேள்விதான். என் அனுபவத்தில் படங்களும் ஜாப் கார்டும் நிராகரித்த கடிதமும் ஒழுங்காகக் கையில் இருந்தவர்களுக்குச் சிவகங்கை பஸ் ஏறும் வேலையே வந்ததில்லை. அதற்கு முன்பே போன் வந்துவிடும்.

இன்னொரு வேண்டுகோள். "முழு வண்டியையே மாற்றிக் கொடு" என்று ஆரம்பிக்காதீர்கள். டயருக்கு டயர்தான் கிடைக்கும். இரண்டாவது முறை மாற்றியும் அதே இடி வந்தால் மட்டும் சந்தேகம் சக்கரத்தின் மேலும் வண்டியின் ஃப்ரேம் மேலும் போக வேண்டும், அப்போது கேட்பதையும் பெரிதாகக் கேட்கலாம்.

புது டயர் வந்ததும் அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையைப் பார்க்கிறதா, ரிம்மை ஒட்டிய கோடு சமமாக இருக்கிறதா, நான்கு எண் என்ன என்று அங்கேயே பாருங்கள். வால்வில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்றும் பாருங்கள். புது டயரின் மேல் அச்சு வழவழப்பு இருக்கும், முதல் 150 கிலோமீட்டர் வரை வளைவில் சாய்க்காமல், பிரேக்கைச் சுருக்கென்று பிடிக்காமல் ஓட்டுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த வழவழப்பான நடையில் ஈரக் காலோடு எப்படிப் போவீர்களோ, அப்படி. படம் எடுத்து, ஜாப் கார்டு நகல் வாங்கிய பிறகு இன்னொரு முறை எழுதுங்கள் தம்பி. வீக்கத்தின் படமும் ரிம் விளிம்பின் படமும் இருந்தால் இன்னும் கொஞ்சம் துல்லியமாகச் சொல்கிறேன்.